நாலு ஓட்டை ராலி வண்டி

பழைய கார் மெக்கானிக்கின் தொழிலில் பாதி ஸ்பானர் பிடிப்பது, மீதி கதை கேட்பது. வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். வண்டி யாரிடமிருந்து வந்தது, அதில் யார் யார் ஏறினார்கள், எந்த மலையில் அது எப்படி ஏறியது என்றெல்லாம் சொல்லி முடித்து, கிளம்பும்போதுதான் பிரேக் பிடிக்கவில்லை என்பார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும், அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கும், காலையில் அந்த வண்டியைத் தெருமுனைவரை தள்ளிவிட்டு வேர்த்துப்போன பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து உள்ளே ஒடியும் ஒரு சந்தில் என் ஷெட் இருக்கிறது. முப்பது வருஷமாக ரோகிணி என்கிற ஒரே ரகக் காரைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். "என்னோடது சாதாரண ரோகிணி இல்ல, ராலி ரோகிணி" என்று என்னிடம் சொன்னவர்களை வரிசையாக நிறுத்தினால் பஸ் டெர்மினஸ்வரை போகும். அதில் ஒரே ஒருவர் சொன்னதுதான் நிஜம். எல்லாருக்கும் தலையாட்டிய நான், நம்பாமல் போனது அவரை மட்டும்தான்.

வண்டி வந்த வழி

ரோகிணியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அந்தக் காரைச் செய்து செய்து அலுத்துப்போய், அச்சுகளை நம்மூர்க் கம்பெனியின் தலையில் கட்டியது. இவர்கள் அதற்கு ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்து அம்பத்தூர்ப் பக்கம் செய்ய ஆரம்பித்தார்கள். நாலு கதவு, முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். ஐந்து பேர் போகலாம் என்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை யாரும் பிரித்ததில்லை என்பதால் எட்டுப் பேர் போனார்கள். கல்யாணம், பிரசவம், திருப்பதி மொட்டை எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான்.

கொஞ்ச நாளில் இளவட்டங்கள் அதை 'மாமா கார்' என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தார்கள். கம்பெனிக்கு ரோஷம் வந்துவிட்டது. சில வண்டிகளை மட்டும் தனியாகச் செய்து ராலிக்கு அனுப்பினார்கள். ராலி என்றால் வட்டமாகச் சுற்றும் ரேஸ் இல்லை. காடு, மலை, மண் ரோடு என்று நாள் கணக்கில் போக வேண்டும். வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், இடது பக்கம் இருப்பவர் மேப்பைப் பார்த்து வழி சொல்வார். இந்த வண்டிகளில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்ட இரட்டைக் கார்புரேட்டர் இருக்கும். கல் அடிக்காமலிருக்க அடியில் தடித்த இரும்புத் தகடு இருக்கும். மேப் பலகையும் சின்ன விளக்கும் மாட்டுவதற்காக இடது சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் நான்கு ஓட்டைகள் இருக்கும். ராலியெல்லாம் ஓய்ந்ததும் கம்பெனி அவற்றைத் தன் தொழிலாளர்களுக்கே கொடுத்துவிட்டது. பிறகு கம்பெனியையும் மூடிவிட்டார்கள். எந்த வண்டி யாருக்குப் போனது என்ற காகிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்த ரோகிணி வேண்டுமானாலும் ராலி ரோகிணியாக இருக்கலாம் என்ற நம்பிக்கை ஊரில் நிலைத்துவிட்டது.

சாதாரண ரோகிணிக்கே பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. திருவேற்காட்டிலிருந்து வரும் என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் இதைச் சொல்லாமல் ஆயில் மாற்ற விடமாட்டார். "புக் பண்ணும்போது எனக்குப் பொண்ணே பாக்கல சேகரு. டெலிவரி எடுக்கப் போவும்போது எம் பையன் கூட வந்து, கலரு நல்லா இல்லன்னு சொல்றான்."

பேண்டு செட்டுக்குப் பின்னால் ராலி

ஆவடியில் ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடும் சண்முகம் ஒரு நாள் தன் ரோகிணியைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தன் வண்டியே போக வேண்டும், அதுவும் ராலி வண்டியாகப் போக வேண்டும் என்றார். "சார், இது சாதாரண வண்டி" என்றேன். "தெரியும். நீ ஆக்கிடு" என்றார்.

ஆக்கினேன். நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, பம்பரில் நாலு விளக்கு, கதவில் வட்டம் போட்டு ஒரு நம்பர். கடைசியாக டிரில்லை எடுத்து டேஷ்போர்டில் நாலு ஓட்டை. அந்த நாலு ஓட்டை விழுந்தால்தான் வாடிக்கைக்காரர் முகத்தில் சிரிப்பு வரும். அவர் மட்டும் இல்லை, இப்படிப் பல பேர் வரிசையாக வந்தார்கள். அம்பத்தூர்க்காரர் ஒருவர் நாலு ஓட்டை வாங்கிக்கொண்டு போய், மறுவாரமே திரும்பி வந்தார். யாரோ ஒருவர் வண்டியில் ஆறு ஓட்டை இருக்கிறதாம், தனக்கும் ஆறு வேண்டுமாம். ராலிக்குப் போன வண்டிக்கு நாலுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் வண்டி நாலோடு நிற்கும் வண்டி இல்லையாம். போட்டுக் கொடுத்தேன்.

சண்முகம் வண்டியை எடுக்க வந்தபோது எஞ்சினை முறுக்கிப் பார்த்தார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னார்: "ராலி வண்டிதான் மாமே, இல்லன்னு சொல்லல. ஆனா பேண்டு செட்டத் தாண்டி முன்னால போவாத மாரி பாத்துக் குடு."

திங்கட்கிழமை வந்தவர்

இப்படியாக என் ராலித் தொழில் அமோகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு திங்கட்கிழமை காலையில் தேவராஜன் வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ரோகிணிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் மனைவி சரோஜா. சந்துக்குள் வண்டி நுழையும்போதே அந்த அம்மாவின் குரல் கேட்டது. "லெப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. போதும், நேரா வாங்க." அவர் ஒடித்தார், போதும் என்றதும் நேராக வந்தார்.

திருவேற்காட்டு வீட்டை விட்டுவிட்டு மகன் முரளியோடு வானகரத்தில் ஃப்ளாட்டுக்குக் குடிவந்திருக்கிறார்கள். அங்கே கார் நிறுத்த ஒரே ஓர் இடம்தான். அதில் ரோகிணி நிற்கிறது, மகனின் புது வண்டி தெருவில் வெயிலில் காய்கிறது. ரோகிணி ராலிக்குப் போன வண்டி, தான் அதில் மேப் பார்த்து வழி சொன்னவன் என்று தேவராஜன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்திருக்கிறார். வீட்டில் அது பண்டிகைக்குப் பண்டிகை சொல்லிச் சிரிக்கும் ஜோக்காகிவிட்டது. இப்போது மகன் கறாராகப் பேசிவிட்டான். நிஜம் என்று காட்டினால் வண்டி உள்ளேயே நிற்கட்டும், தன் வண்டி தெருவில் நிற்கும். கதை என்றால் ஞாயிற்றுக்கிழமை காயலாங்கடை டெம்போ வரும்.

"வண்டி போனாலும் போவட்டும் சேகர். எம் பேச்சு பொய்னு ஆயிடக் கூடாது" என்றார் தேவராஜன். நான் பானெட்டைத் திறந்தேன். ஒற்றைக் கார்புரேட்டர். குனிந்து பார்த்தேன். அடியில் தகடு இல்லை. டேஷ்போர்டில் ஓட்டை இல்லை. அந்த இடத்தில் கருமாரியம்மன் படம் ஒட்டி, பொட்டு வைத்திருந்தது. "எல்லாம் இருந்துச்சி. நீதான் எடுத்தே, உனக்கு ஞாபகமில்ல" என்றார். எல்லாரும் சொல்கிற கதையிலேயே இது புது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ராலி ஆசாமிகள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், பழியை என்மேல் போட்டவர் இவர்தான் முதல். "சார், இது குடும்ப வண்டி" என்றேன். அதற்குப் பதில் சொன்னது சரோஜா அம்மாதான். "நான் இத்தத்தானே கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லிகினு கீறேன்."

என் கைவரிசை

வந்ததற்குக் கார்புரேட்டரையாவது சுத்தம் செய்து தருகிறேன், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். மறுநாள் அதைக் கழற்றினேன். ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பிடித்திருந்த பட்டையைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அந்தப் பட்டையை அப்படி உள்பக்கமாக மடிக்கிறவன் இந்தப் பூந்தமல்லியில் நான் ஒருவன்தான். ஆரம்பத்தில் தப்பாக மடித்து, அதுவே பழக்கமாகிவிட்டது.

அதன் பிறகு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஷெட் போட்ட புதிது. ஒரு பெண்மணி, இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார். டேஷ்போர்டில் தனக்கு நேரே நாலு ஓட்டை இருக்கிறது, எஞ்சின் சூடும் பெட்ரோல் நாற்றமும் அதன் வழியாக முகத்திலேயே அடிக்கிறது, குழந்தை வாந்தியெடுக்கிறது என்றார். ராலி என்று ஒரு வார்த்தை அப்போது நான் கேள்விப்பட்டதே இல்லை. ஓட்டைகளை அடைக்கச் சொல்லிப் பக்கத்து ஷெட் பஷீர் பாயிடம் கொடுத்தேன். இரட்டைக் கார்புரேட்டர் ஏதோ கோளாறான அமைப்பு என்று நானே தீர்மானித்து, கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றையாக்கினேன். அடித் தகடு வெறும் பாரம் என்று அவிழ்த்தேன். அந்தத் தகடு எங்கே போனதென்று யோசித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். வாசல் கால்வாய்மேல் பாலமாகக் கிடந்தது. முப்பது வருஷமாக நான் செய்த பொய் ராலி வண்டி அத்தனையும் அந்த நிஜ ராலித் தகட்டின்மேல் ஏறித்தான் ஷெட்டுக்குள் வந்திருக்கின்றன.

வெட்கமாக இருந்தது, மறைத்து என்ன பயன்? புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தேவராஜன் வந்து தகட்டின் ஓரத்தைச் செருப்புக் காலால் தடவிப் பார்த்தார். நான் பயந்தபடி அவர் கோபப்படவில்லை. சரோஜா அம்மாதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொயந்த வாந்தி எடுக்காம பண்ணுன்னுதானே சொன்னேன். வண்டியவே மாத்தச் சொன்னனா?"

என் சாட்சி

வியாழக்கிழமை முரளி வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல வேலையில் இருப்பவன். வாந்தியெடுத்த குழந்தை இவன்தான். மரியாதையாகப் பேசினான், கேட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். ஓட்டை இருந்தது, தகடு இருந்தது, நான்தான் எடுத்தேன் என்று கோர்ட்டில் சொல்வது மாதிரி சொன்னேன். வாசல் தகட்டையும் காட்டினேன்.

"ஓட்டை இருந்துச்சின்னு அம்மாவே சொல்றாங்கண்ணே. அத அப்பாவே டிரில்லு வெச்சிப் போட்டிருக்கலாம்ல? ராலி மேல அவருக்கு அவ்ளோ ஆச. தகடு எந்த லாரியோடதா வேணா இருக்கலாம்" என்றான். பிறகு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். சண்முகத்தின் வண்டி கறுப்புப் பட்டையும் நம்பருமாக நின்றுகொண்டிருந்தது. பேண்டு செட்டுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அதற்கு எஞ்சின் சூடாகும் வியாதி வந்து, மூன்றாம் தடவையாக என்னிடம் சேர்ந்திருந்தது. முரளி அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நேத்து வரைக்கும் பாதி நம்பினேன். நீங்க சாட்சி சொல்றீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் சந்தேகமே வந்துச்சி."

பாய் செய்த வேலை

முரளி போன பிறகு அவன் சொன்னதைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டதிலேயே பதிலும் இருந்தது. ஓட்டையைக் கம்பெனி போட்டதா, அப்பா போட்டாரா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும். கம்பெனியில் முதலில் ஓட்டை போடுவார்கள், அப்புறம் பெயின்ட் அடிப்பார்கள். அதனால் ஓட்டையின் உள்விளிம்பிலும் பெயின்ட் ஏறியிருக்கும். என்னை மாதிரி ஆசாமிகள் பெயின்ட் அடித்த வண்டியில் பிறகு ஓட்டை போடுகிறோம். அதனால் விளிம்பில் வெறும் இரும்புதான் இருக்கும், கொஞ்ச நாளில் துருப்பிடிக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்த விஷயத்தை நான் எந்த வாடிக்கைக்காரரிடமும் சொன்னதில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஆனால் அந்த ஓட்டைகளைப் பாயிடம் வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னது நான்தானே. கேஸ் வெல்டிங் வைத்தால் இரும்பு உருகும், விளிம்புப் பெயின்ட் அப்போதே எரிந்து போயிருக்கும். இருந்தாலும் பாயிடம் கேட்டேன். தன் அப்பா காலத்திலிருந்து இங்கே நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் டிங்கரிங் வேலை பார்ப்பவர். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் தகடு எத்தனை தடவை அடிவாங்கியது என்று சொல்வார். அப்படிப்பட்டவர், இந்தக் கேள்வியைக் கேட்டதும் டீ குடிக்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை கேட்டேன், தொழுகைக்கு நேரமாயிற்று என்றார். சனிக்கிழமையும் கேட்டேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒரு விஷயம் சொல்றேன், கோச்சிக்காத மச்சான். அன்னிக்கிக் கேஸு தீந்து பூட்ச்சி. அந்தம்மா கைக்கொயந்தயோட நின்னுகினு இருந்திச்சி. வெல்டே வெக்கல, வெறும் பட்டியத்தான் வெச்சி அமுக்கி மேல பெயின்ட் அட்ச்சிட்டேன்."

பட்டி என்பது பள்ளங்களை மூடப் பெயின்டர்கள் பூசும் பசை. காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும், குத்தினால் பெயர்ந்து வந்துவிடும். எந்த வாடிக்கைக்காரரும் தன் வண்டியில் பட்டி இருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட மாட்டார். ஆனால் தீயே படவில்லை என்றால் விளிம்பில் இருந்தது அப்படியே இருக்கும். நான் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் எல்லாம் சட்டையில் ஒட்டியது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா மச்சான் இது? இத்தினி வருஷமா நல்ல வேல செஞ்சி குடுக்கும்போதெல்லாம் ஒரு தபா கூட நீ இப்டி கட்டிப் புடிச்சதில்லியே!"

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் ஷெட்டில் இருந்தார்கள். தேவராஜன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். காயலாங்கடை டெம்போ சந்துமுனையில் நின்றது. டிரைவர் இறங்கிப் பல்குத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார். போதாக்குறைக்குச் சண்முகமும் தன் வண்டியை எடுக்க வந்து, டீ கிளாஸோடு நின்றார். அவரை மட்டும் அன்றைக்கு நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் ஒத்துப் பார்க்க ஒரு பொய் ஓட்டை வேண்டும். ஷெட்டில் இருந்தது சண்முகத்தின் வண்டி மட்டும்தான். தேவராஜன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் வியாபாரம் பெரிதாகத் தெரியவில்லை. முரளியைக் கூப்பிட்டு, செல்போன் விளக்கைச் சண்முகத்தின் டேஷ்போர்டில் அடிக்கச் சொன்னேன். "பாருங்க தம்பி, உள்விளிம்புல பெயின்ட் இல்ல, துருதான் இருக்கு. இது பெயின்டுக்கு அப்புறம் போட்ட ஓட்டை. போட்டது நான்தான்" என்றேன். சண்முகம் டீயைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு ரோகிணியிடம் வந்தோம். நான் கருமாரியம்மன் படத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனதும் சரோஜா அம்மா தடுத்தார். "நீ கை வெக்காத. ஒட்டினது நானு, நான்தான் எடுப்பேன்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். ஓட்டை நிஜமானால் அத்தனை வருஷம் புருஷனைப் பொய்யன் என்று சொன்னது தப்பாகிவிடும், பொய்யானால் வெளியே டெம்போ நிற்கிறது. அந்த அம்மாவுக்கு எது வேண்டும் என்று அவர் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. உதடு ஏதோ முணுமுணுத்தது. நகத்தால் ஓரத்தைப் பிரித்து, படம் கிழியாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் வைத்தார். பிறகு இறங்கி வழிவிட்டார்.

ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். பட்டி தூளாக உதிர்ந்தது. முதல் ஓட்டை, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. முரளி குனிந்து விளக்கடித்தான். நான்கின் உள்விளிம்பிலும், சுற்றிலும், கம்பெனிப் பெயின்ட் வழவழவென்று மடிந்து இறங்கியிருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தான். விரலை எடுக்காமலேயே, "அப்பா, நீங்க இந்தப் பக்கமாப்பா உக்காந்துட்டுப் போனீங்க?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்ட குரலாக அது இல்லை. தேவராஜன் தலையை ஆட்டினார். வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரோஜா அம்மா மெதுவாக, "நான் குந்திகினு வந்த எடமா அது?" என்றார். பாய் திரும்பி நின்று சுத்தியலைத் தேடுவதாகப் பாவனை செய்தார். முரளி சந்துமுனைக்குப் போய் டெம்போவைத் திருப்பி அனுப்பினான்.

அப்போதுதான் சண்முகத்தின் நினைவு வந்தது. ஊர் பார்க்க மாப்பிள்ளையை ஏற்றிப் போன வண்டியைப் பொய் என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன். அவர் தன் டேஷ்போர்டு ஓட்டைக்குள் விரலை விட்டுத் துருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த வுடு மாமே. ஒரு சின்ன பிரஷ்ஷ எடுத்துகினு வந்து, எனக்கும் இந்த ஓட்டைங்களுக்கு உள்ள பெயின்ட் அட்ச்சிக் குடுத்துடு."

பத்து நிமிஷம் கழித்து

கிளம்பும்போது முரளி ஓட்ட உட்கார்ந்தான். மகன் ஓட்டினால் தேவராஜனுக்குப் பின்சீட்டுதான் வழக்கம், அந்தக் கதவைத் திறக்கப் போனார். சரோஜா அம்மா அவர் கையைப் பிடித்து முன்னால் இடது பக்கம் காட்டினார். "அங்க குந்துங்க. வயி சொல்லுங்க." தானே பின்னால் ஏறி, அம்மன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். தேவராஜன் உட்கார்ந்து, நாலு ஓட்டையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கையை நீட்டினார். "லெப்டு." முரளி வாயைத் திறக்காமல் லெப்டில் ஒடித்தான். வண்டி அந்த வாசல் தகட்டின்மேல் தடதடவென்று ஏறி இறங்கிப் போனது. சந்து திரும்பும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நானும் பாயும் அடுத்த டீக்குச் சொல்லிவிட்டு நின்றிருந்தோம். சந்தின் மறுமுனையிலிருந்து ரோகிணி வந்துகொண்டிருந்தது. மெட்ரோ வேலைக்காக அங்கங்கே தடுப்பு வைத்து ரோட்டைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். ராலி வழிகாட்டி சொன்னபடியே ஒடித்து ஒடித்து, வானகரத்துக்குப் போக வேண்டியவர்கள் சுற்றிக்கொண்டு என் ஷெட் வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். தேவராஜன் முகம் சுருங்கிப்போயிருந்தது. முரளி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாமல் நான், "என்ன சார், மறந்துட்டுப் போனது ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டேன். பின்சீட்டுக் கண்ணாடி சரசரவென்று இறங்கியது. சரோஜா அம்மா தலையை வெளியே நீட்டினார்.

"அவரு கரீட்டாத்தான் சொன்னாரு. ரோட்டத்தான் மாத்தி வெச்சிட்டானுங்க."

முப்பது வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்து கொடுத்த ராலி வேலை அத்தனையும் பொய், பாய் ஏமாற்றிச் செய்த ஒரே ஒரு வேலைதான் ஒரு மனுஷன் பேச்சைக் காப்பாற்றியது.